மல்லாந்தபடி மலையேறும் கூத்து

முதலில் செயினைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம். நம் வீட்டு சைக்கிளில் ஓடுவது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் செயின். இந்த வண்டிக்கு மூன்று செயின்களை வாங்கி ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்கள். நாலு மீட்டர்! முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பெடலில் புறப்படுகிறது. சீட்டுக்கு அடியில் ஓர் உருளையில் வளைகிறது. பிளாஸ்டிக் குழாய்க்குள் புகுந்து காணாமல் போய், அந்தப் பக்கம் வெளியே வந்து, பின்சக்கரத்தின் பல்லைப் பிடிக்கிறது. பிறகு வந்த வழியே முன்னால் ஓடுகிறது. அத்தனை நீளத்துக்கும் எண்ணெய் போட வேண்டும். அத்தனை நீளத்திலும் சேறு அப்பும். இதைப் போய் யாராவது மலைச்சைக்கிள் பந்தயத்துக்கு எடுத்துப்போவார்களா என்றுதானே கேட்கிறீர்கள்? போகலாம். அதுவும் நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் பந்தயத்துக்கு.

வண்டியின் பெயர் ரெகம்பென்ட். ஈஸி சேரில் காலை நீட்டிக் கிடக்கும் தாத்தாவுக்கு அடியில் இரண்டு சக்கரத்தைச் சொருகினால் எப்படியிருக்கும், அப்படி. முதுகு முழுதும் சீட்டில் சாய்ந்திருக்கும். கால்கள் முன்னால், ஏறக்குறைய இடுப்பு மட்டத்தில் சுழலும். ஹேண்டில்பார் சில வண்டிகளில் நெஞ்சுக்கு எதிரே வரும். சிலவற்றில் சீட்டுக்கு அடியில், தொடையின் இரு பக்கமும் இருக்கும். தார்ச்சாலையில் விட்டால் இது பறக்கும். மலையில்? அந்த வேடிக்கையைக் காட்டத்தான் உங்களைத் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

பந்தயம் டூர் டிவைடு. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பான்ஃப் என்ற ஊரில் கிளம்ப வேண்டும். ராக்கி மலைகளின் முதுகோடு முதுகாகத் தெற்கே போக வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியா, மொன்டானா, ஐடஹோ, வயோமிங், கொலராடோ எல்லாம் தாண்டி, நியூ மெக்சிகோவில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஆன்டெலோப் வெல்ஸ் என்ற சோதனைச்சாவடியில் முடிக்க வேண்டும். 2745 மைல். நம் கணக்கில் 4400 கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஏறுகிற ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் 60,000 மீட்டர் வருகிறது. பெரும்பாலும் மண்சாலை, ஜல்லிச்சாலை, காட்டிலாகா பாதை. 1999இல் ஜான் ஸ்டாம்ஸ்டட் என்பவர் தன்னந்தனியாக இந்தப் பாதையின் அமெரிக்கப் பகுதியை 18 நாளில் ஓட்டிக் காட்டினார். 2008இல் டூர் டிவைடு என்ற பெயரில் பந்தயம் பிறந்தது. 2016இல் மைக் ஹால் 14 நாளுக்குள் முடித்தார். நுழைவுக் கட்டணம் கிடையாது. பரிசும் கிடையாது; முதலில் வந்து சேர்பவருக்கு ஒரு டீ கூட யாரும் வாங்கித் தர மாட்டார்கள். ஒரே விதி: உன் பாட்டை நீயே பார்த்துக்கொள். உதவிக்கு வேன் வரக் கூடாது, வழியில் நண்பர் சோறு கட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. எல்லோருக்கும் திறந்திருக்கும் கடையில் வாங்கலாம், எல்லோரும் தங்கும் விடுதியில் தூங்கலாம், அவ்வளவுதான். என்ன வண்டி என்பது உன் இஷ்டம். 2009இல் ஜே பெட்டர்வரி, டிரேசி பெட்டர்வரி தம்பதி இருவர் மிதிக்கும் டேண்டத்தில் ஏறி இந்தப் பாதையை 19 நாளுக்குள் கடந்துவிட்டார்கள். டேண்டம் போகலாம் என்றால் மல்லாந்து ஏன் போகக் கூடாது?

வாருங்கள், பட்டறைக்குள் நுழைவோம். சத்தம் போடாதீர்கள், ரெகம்பென்டில் டிவைடுக்குக் கிளம்பும் ஆள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அவருடைய முதல் தலைவலி ஏற்றம். சாதாரண சைக்கிளில் மேடு வந்தால் நாம் என்ன செய்வோம்? சீட்டை விட்டு எழுந்து, உடம்பின் மொத்த எடையையும் ஒரு பெடலில் இறக்கி எக்கி மிதிப்போம். ரெகம்பென்டில் எழுந்து நிற்கவே வழியில்லை. எடை முழுக்க சீட்டில் கிடக்கிறது. காலின் பலம் ஒன்றுதான் கதி. அதனால் கியரை அடிமட்டத்துக்கு இறக்க வேண்டும். முன்னால் 22 பல், பின்னால் 36 பல், 26 அங்குலச் சக்கரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி ஒன்றேகால் மீட்டர்தான் நகரும். சில பேர் ஜெர்மனியின் ரோலாஃப் ஹப்பைப் போட்டுக்கொள்வார்கள். பதினான்கு கியரும் பின்சக்கரத்தின் நடுமையத்துக்குள்ளேயே மூடிக்கிடக்கும், சேறு உள்ளே போகாது. விலையைக் கேட்டால் மட்டும் மயக்கம் வரும்.

சரி, கியர் கிடைத்துவிட்டது, ஜெயித்துவிடலாமா? இங்கேதான் கூத்தே ஆரம்பம். நிமிடத்துக்கு எழுபது மிதி மிதித்தாலும் அந்தக் கியரில் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டரைச் சொற்பமாகத் தாண்டும். அந்த வேகத்தில் இரண்டு சக்கர ரெகம்பென்டை நிமிர்த்தி வைப்பதே ஒரு வித்தை. சாதாரண சைக்கிளில் இடுப்பை இப்படி அசைத்து, தோளை அப்படிச் சாய்த்துச் சமாளிப்போம். இங்கே உடம்பு சீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹேண்டிலை மட்டும் ஆட்டி ஆட்டித்தான் விழாமல் போக வேண்டும். மெதுவாகப் போனால் விழுவாய், வேகமாகப் போனால் மூச்சு வாங்கும். நடுவில் இருக்கும் அந்த மெல்லிய கோட்டில் மணிக்கணக்கில் போக வேண்டும். கொலராடோவில் டெல் நார்டே ஊரிலிருந்து இண்டியானா கணவாய்க்கு ஏறும்போது ஒரே மூச்சில் சுமார் 1200 மீட்டர் ஏற்றம் இருக்கிறது. உச்சி கடல்மட்டத்திலிருந்து 3630 மீட்டர். பந்தயத்திலேயே உயரமான இடம். காற்றில் பிராணவாயு குறைந்து தலை கிறுகிறுக்கிற இடத்தில் இந்தக் கம்பிமேல் நடக்கும் வித்தை!

அடுத்தது சக்கரம். தார்ச்சாலை ரெகம்பென்ட் பலவற்றில் முன்சக்கரம் சின்னது, 20 அங்குலம், பின்சக்கரம் பெரியது. மண்சாலையில் சின்னச் சக்கரம் குழியைக் கண்டால் உள்ளே இறங்கிக் குடியேறிவிடும். போதாக்குறைக்கு இரண்டு அளவு டியூப், இரண்டு அளவு டயர் சுமக்க வேண்டும். அதனால் டிவைடுக்குப் போகிறவர் இரண்டும் 26 அங்குலமாக உள்ள வண்டியைத் தேடுவார். தேடிப் பிடித்ததும் இன்னொரு சங்கடம் காத்திருக்கும். முன்சக்கரம் பெரிதானால் கூர்மையான வளைவில் திருப்பும்போது அது மிதிக்கிற காலின் குதிகாலில் வந்து இடிக்கும். திருப்பும் முன் எந்தக் கால் எங்கே இருக்கிறது என்று கணக்குப் பார்த்து, மிதிப்பதைச் சற்று நிறுத்தி, வளைத்து, மறுபடி மிதிக்க வேண்டும். மலைப்பாதையில் வளைவுக்கா பஞ்சம்?

சஸ்பென்ஷன் இல்லாமல் கிளம்புவது தற்கொலை. கல் வந்தால் சாதாரண சைக்கிள்காரர் சீட்டிலிருந்து லேசாக எழுந்து முழங்காலில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வார். இவர் எழ முடியாதே! ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பின் கணக்கில் போய் ஏறிக்கொள்ளும். வண்டிகளின் ஓட்டத்தில் அலை அலையாக வரிவிழுந்து கிடக்கும் மண்சாலை டிவைடில் பல நூறு கிலோமீட்டர் உண்டு. அதில் பின்சக்கர ஸ்பிரிங் இல்லாத ரெகம்பென்டில் போகிறவரிடம் அன்று இரவு பேச்சுக் கொடுக்காதீர்கள்.

செருப்பைக் கவனித்தீர்களா? மன்னிக்கவும், ஷூ. பெடலில் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும் ஷூ. இது அலங்காரமல்ல, உயிர்காக்கும் சாமான். குலுங்கும் பாதையில் பாதம் பெடலிலிருந்து நழுவித் தரையில் பட்டால், வண்டி முன்னால் ஓட, கால் பின்னால் இழுபட்டு சீட்டுக்கு அடியில் மடங்கும். ரெகம்பென்ட் உலகத்தில் எல்லோரும் பயப்படும் விபத்து இது. எனவே கால் பூட்டியே இருக்க வேண்டும். அதே ஷூவில் பாறைமேல் நடக்கவும் முடிய வேண்டும். எதற்கு நடக்க வேண்டும் என்கிறீர்களா? அடடா, முக்கியமான காட்சிக்கே இப்போதுதான் வருகிறோம்.

டிவைடில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும் இடங்கள் உண்டு. பிற்பாடு பாதையில் சேர்ந்த கோகோ கிளெய்ம்ஸ் அவற்றில் பேர்போனது. பிரிட்டிஷ் கொலம்பியாவில், பந்தயம் தொடங்கிய சூட்டிலேயே வந்துவிடும். பழைய சுரங்கப்பாதை, மழையில் அரித்துப்போய், தலையளவு கற்கள் உருண்டு கிடக்கும் செங்குத்தான மேடு. சாதாரண மலைச்சைக்கிள்காரரே ஹேண்டில்பாரைப் பிடித்து நாலு எட்டு தள்ளி, பிரேக்கைப் பிடித்து மூச்சு வாங்கி, மறுபடி நாலு எட்டு என்று போவார். முடியாவிட்டால் சட்டத்தின் முக்கோணத்துக்குள் கையை விட்டுத் தோளில் தூக்கிக்கொள்வார்.

ரெகம்பென்டுக்கு முக்கோணம் ஏது? தோளில் மாட்டிக்கொள்ள வாகான இடமே இல்லை. வண்டி நீளம், தாழ்வு, ஹேண்டில் எட்டாத இடத்தில். குனிந்து ஒரு கையால் சீட்டின் முதுகைப் பிடித்துத் தள்ளினால் முன்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். ஹேண்டிலைப் பிடித்தால் பின்பாரம் இழுக்கும். இரண்டையும் பிடித்தால் நம் கால்கள் வைக்க இடம் இருக்காது; பெடல் வந்து முழங்காலுக்குக் கீழே பதம் பார்க்கும். பைகள் எல்லாம் சீட்டுக்குப் பின்னாலும் அடியிலும் தொங்குவதால் பின்பக்கம் கனம். வெறும் வண்டியே 15 கிலோவைத் தாண்டும். ஆகவே வழி இது: பைகளைக் கழற்று, மேலே கொண்டுபோய் வை, இறங்கி வா, வண்டியைத் தூக்கு, மறுபடி ஏறு. ஒரே மேட்டை இரண்டு முறை ஏறி ஒரு முறை இறங்கினால்தான் ஒரு முறை கடந்த கணக்கு. பக்கத்தில் சாதாரண சைக்கிள்காரர் கடந்து போகும்போது என்ன சொல்வார்? பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

சேற்றைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். மொன்டானாவிலும் நியூ மெக்சிகோவிலும் சில களிமண் சாலைகள் மழை பெய்தால் சக்கரத்தைச் சுற்றவே விடாது. எந்த வண்டியானாலும் தூக்கித்தான் ஆக வேண்டும். அந்த நாலு மீட்டர் செயினையும் குழாய்களையும் நினைத்துக்கொள்ளுங்கள், போதும். ஐடஹோவில் தண்டவாளம் பிடுங்கிய பழைய ரயில்பாதை ஒன்று எரிமலை மணலாகக் கிடக்கிறது. மணலில் முன்சக்கரம் வழுக்கினால் சாதாரண சைக்கிள்காரர் உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். இவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பொத்தென்று பக்கவாட்டில் சாய வேண்டியதுதான். விழும் உயரம் குறைவு என்பது ஒரு சந்தோஷம்.

இத்தனை பாடும் எதற்கு? இவர் என்ன பைத்தியமா? இல்லை, வியாபாரி! இப்போது லாபக் கணக்கைப் பாருங்கள்.

நாளைக்குப் பதினைந்து, பதினாறு மணி நேரம் சாதாரண சைக்கிளில் உட்கார்ந்து பாருங்கள். மூன்றாம் நாள் உட்காரும் இடம் புண்ணாகும். ஒரு வாரத்தில் உள்ளங்கையின் நரம்பு நசுங்கிச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். டிவைடு முடித்து வீடு திரும்பியவர்களில் பலர் வாரக்கணக்கில் சட்டைப் பொத்தானைப் போடச் சிரமப்பட்டிருக்கிறார்கள். இன்னும் ஒன்று உண்டு: கழுத்துத் தசை அடியோடு ஓய்ந்து, தலை தொங்கிவிடும். நிமிர்த்தவே முடியாது. 1983இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பந்தயத்தில் மைக்கேல் ஷெர்மர் என்பவருக்கு இது வந்ததால் 'ஷெர்மர் கழுத்து' என்றே பெயர் நிலைத்துவிட்டது. டியூபையும் டேப்பையும் கட்டித் தலைக்கு முட்டுக்கொடுத்து ஓட்டியவர்கள் உண்டு.

ரெகம்பென்ட்காரருக்கு இந்த மூன்றும் எட்டாத தூரம். கையில் பாரமே இல்லை. கழுத்து நேராகத்தான் இருக்கிறது. உட்காரும் இடத்தின் சுமையை முதுகு பங்குபோட்டுக்கொள்கிறது. மற்றவர்கள் முன்டயரையும் அதன் முன்னால் இரண்டு மீட்டர் தரையையும் பார்த்துக்கொண்டு போகும்போது, இவருக்கு மட்டும் ராக்கி மலைகளின் பனிமுடி நாள் முழுதும் நேர் எதிரே! (தரைதான் தெரியாது. முழங்கால் மறைக்கும். கல்லா குழியா என்று கடைசி நொடியில் தெரியும். அதை இப்போது சொல்லி உற்சாகத்தைக் கெடுப்பானேன்.)

சில்லறைத் தொல்லைகள் இருக்கத்தான் செய்யும். கால் உயரத்தில் சுழல்வதால் பாதம் மரத்து எரியும். தெற்கு நோக்கி மல்லாந்து போவதால் ஜூன் மாத மத்தியான வெயில் நேராக மூஞ்சியில் அடிக்கும். மூக்குக்குத் துணி கட்டாதவர் தோலுரிந்து போவார். மழை பெய்தால் மடியில் குளம். அதற்காகவே வலை பின்னிய சீட் மெத்தை போடுகிறார்கள், தண்ணீர் ஒழுகிவிடும். கரடி நாடு வேறு. மொன்டானா, வயோமிங் வரை கிரிஸ்லி கரடி நடமாடுகிறது. கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரேயை எங்கே மாட்டுவது என்பது பெரிய ஆலோசனை. சீட்டின் பக்கவாட்டில், கை விழுந்த இடத்தில். வளைவுகளில் எல்லோரும் கரடியைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டே போவார்கள். மற்றவர்கள் கரடியைத் தலைப்பக்கமாகச் சந்திப்பார்கள். இவர் கால்பக்கமாகச் சந்திக்க வேண்டும். எது மேல் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

வயோமிங்கில் கிரேட் டிவைடு பேசின் என்று ஒரு பொட்டல்வெளி. அங்கே விழும் மழை எந்தக் கடலுக்கும் போய்ச் சேராது. சுமார் 200 கிலோமீட்டருக்குக் கடை கண்ணி கிடையாது, மரம் கிடையாது, காற்று மட்டும் தாராளம். எதிர்க்காற்றில் நிமிர்ந்து உட்கார்ந்தவர் நெஞ்சால் காற்றைத் தள்ள வேண்டும். படுத்திருப்பவருக்குக் காற்று தலைக்குமேல் போய்விடும். இங்கே நம் ஆள் போகிற வேகத்தைப் பார்த்தால் கோகோ கிளெய்ம்ஸில் பார்த்த அதே மனிதரா என்று சந்தேகம் வரும்.

அந்த வேகம்தான் ஒரு காலத்தில் பெரும் வம்பை இழுத்துவிட்டது. பிரான்சில் சார்ல் மோஷே செய்த ரெகம்பென்டில் ஏறி ஃபிரான்சிஸ் ஃபோர் என்பவர் 1933 ஜூலை 7 அன்று பாரிசில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். 1914 முதல் அசையாமல் நின்ற ஆஸ்கர் எக்கின் 44.247 கிலோமீட்டர் சாதனை காலி. ஃபோர் முதல்தர வீரர்கூட இல்லை என்பதுதான் மற்றவர்களுக்கு எரிச்சல். சர்வதேச சைக்கிள் சங்கம் கூடிப் பேசி, 1934இல் சைக்கிள் என்றால் இன்ன அளவில் இருக்க வேண்டும் என்று வரையறுத்து ரெகம்பென்டை வெளியே தள்ளிவிட்டது. இன்றும் அந்தச் சங்கத்தின் பந்தயங்களில் இதற்கு இடமில்லை. டூர் டிவைடு அந்தச் சங்கத்தின் பந்தயமல்ல. வாசலில் வாட்ச்மேனே இல்லாத பந்தயம். ஃபோரின் பேரன்மாருக்குத் திறந்திருக்கும் பெரிய வீடு இது, மேடுதான் கொஞ்சம் அதிகம்.

மூன்று சக்கர ரெகம்பென்டில் போனால் என்ன என்று ஒரு வாசகர் கேட்பது காதில் விழுகிறது. நல்ல கேள்வி. மெதுவாகப் போனால் விழும் தொல்லையே இல்லை, எவ்வளவு மெதுவாகவும் ஏறலாம், களைத்தால் சீட்டிலேயே கண்ணை மூடலாம். பிரிட்டனின் மரியா லைஜர்ஸ்டாம் 2013 டிசம்பரில் அன்டார்க்டிகா கண்டத்தின் ஓரத்திலிருந்து தென்துருவம் வரை தடித்த டயர் போட்ட மூன்று சக்கர ரெகம்பென்டில்தான் பத்து நாள் சொச்சத்தில் போய்ச் சேர்ந்தார். ஆனால் பனி வேறு, ஜீப் தடம் வேறு. மண்சாலையில் இரண்டு தடம்தான் இருக்கும், வண்டிக்கு மூன்று தடம். இரண்டு தடத்தில் சக்கரம் பொருந்தினால் மூன்றாவது நடுமேட்டில் ஏறும். கல்லைத் தவிர்க்க ஒதுங்கினால் அடுத்த சக்கரம் அதே கல்லில் ஏறும். தூக்கிச் சுமப்பதைப் பற்றி நான் வாயே திறக்கப் போவதில்லை.

ஊர்களைச் சொல்லாவிட்டால் இந்தப் பந்தயத்தின் ருசி தெரியாது. மொன்டானாவில் ஓவாண்டோ என்று ஒரு கையகல ஊர். பந்தயக்காரர்கள் அங்கே பழைய ஜெயில் அறையிலோ, ஆட்டிடையரின் மரவண்டியிலோ, கூம்புக் கூடாரத்திலோ தூங்கலாம். நியூ மெக்சிகோவில் பை டவுன். பெயருக்கேற்றபடி பழம் அடைத்த பை சுடும் ஊர். பழைய டோஸ்டர்களைத் தோரணமாகத் தொங்கவிட்ட வீடு ஒன்று அங்கே வழிப்போக்கர்களுக்குத் திறந்து கிடக்கிறது. எந்த ஊரில் நிறுத்தினாலும் சாதாரண சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய்விடலாம். ரெகம்பென்டை நிறுத்தினால் கூட்டம் கூடும். படம் எடுப்பார்கள், உட்கார்ந்து பார்க்கலாமா என்பார்கள், முதுகுவலிக்கு நல்லதா என்று விசாரிப்பார்கள். இவர் பசியோடு செயினைத் துடைத்துக்கொண்டே பதில் சொல்லிக்கொண்டிருப்பார். வேகத்தைக் குறைப்பது மேடு மட்டுமல்ல, இந்தப் பாசக்காரக் கூட்டமும்தான்.

கடைசிக் கட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹச்சிட்டா என்ற சிற்றூரிலிருந்து ஆன்டெலோப் வெல்ஸ் வரை 70 கிலோமீட்டருக்கு மேல் தார்ச்சாலை. நேர்ச்சாலை. மேடு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ரெகம்பென்ட் பிறந்ததே இப்படிப்பட்ட சாலைக்குத்தான்! புண்ணும் மரத்த விரலுமாகச் சாதாரண சைக்கிள்காரர்கள் நெளிந்து நெளிந்து முடிக்கும் இடத்தில், இவர் சாய்ந்தபடி சுருதி பிசகாமல் மிதித்துக்கொண்டு போவார்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ரெகம்பென்ட் டூர் டிவைடை ஜெயிக்காது. ஏற்றத்திலும் தள்ளலிலும் தொலையும் மணிநேரத்தை வயோமிங் பொட்டலும் கடைசித் தார்ச்சாலையும் சேர்ந்தாலும் மீட்டுத் தராது. முடிப்பதற்கு இது நல்ல வண்டி, முந்துவதற்கு அல்ல.

ஆனாலும் யாராவது ஒருவர் ஓட்டிப்போக மாட்டாரா என்று எனக்கு நப்பாசை. பந்தயக்காரர்கள் சாட்டிலைட் கருவியைச் சுமந்து போவதால் வரைபடத்தில் புள்ளி புள்ளியாக நகர்வதை உலகமே பார்க்கலாம். ஜூன் மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை பான்ஃபில் கிளம்புகிறார்கள். நமக்கு அப்போது பொழுது சாய்ந்திருக்கும். பட்டியலைத் திறந்து, ரெகம்பென்ட்காரர் யாரேனும் இருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். கண்ணில் பட்டால், தயவுசெய்து எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.